நாவின் அடியில் ஒரு சிறு மாத்திரை

சென்ற கோடையில் ஒரு நள்ளிரவு. பங்கு இல்லத்தின் கதவை யாரோ படபடவெனத் தட்டும் ஓசை கேட்டு எழுந்தேன். வாசலில் நின்றவர் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மகன். "சாமி, அப்பாவுக்கு நெஞ்சுவலி தாங்க முடியவில்லை. உடனே வாருங்கள்" என்றார். மருத்துவமனைக்கு வண்டி சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "இல்லை சாமி, மாத்திரை கொடுத்திருக்கிறோம். கேட்டுவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. எத்தனை மணியிலிருந்து என்று கேட்டதற்கு, பதினொன்றிலிருந்து என்றார். அப்போது மணி பன்னிரண்டே கால். அங்கேயே நின்று 108-ஐ அழைத்து, முகவரியைச் சொல்லி முடித்த பிறகே அவரோடு நடந்தேன்.

ஆசிரியர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது. அவருடைய துணைவியார் ஒரு கையால் கணவரின் முதுகைத் தாங்கி, மறு கையால் விசிறிக்கொண்டிருந்தார். அருகே மேசைமேல் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மாத்திரைகளை நாவின் அடியில் வைத்தாயிற்று. வலி இம்மியும் குறையவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை கண்ணாடிக் குப்பியில்தான் வந்ததாம். குப்பி சட்டைப் பையில் கனக்கிறதென்று, ஓராண்டுக்கு முன்பே மாத்திரைகளை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டார் ஆசிரியர். அன்று முதல் அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்து வந்திருக்கிறது.

வண்டி வந்தது. ஆசிரியர் பிழைத்துக்கொண்டார். சில நாள்களுக்குப் பின் மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் அந்த டப்பாவைப்பற்றிக் கூறியது என் நினைவைவிட்டு அகலவில்லை: "மாத்திரை இருந்திருக்கிறது, ஃபாதர், அதிலிருந்த மருந்துதான் எப்போதோ போய்விட்டது."

அன்பர்களே, இதய நோயாளர் உள்ள இல்லங்கள் பலவற்றில் இந்த மாத்திரை உண்டு. ஆனால் அதனைப் பயன்படுத்தும் முறை, நோயாளருக்கே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கோ அறவே தெரிவதில்லை. வலி வரும் வேளையில் நோயாளர் சிந்திக்கும் நிலையில் இருப்பதில்லை. மற்றவர்களே சிந்தித்தாக வேண்டும். ஆகவே, இம்மாதம் இந்த மாத்திரையைப் பற்றியே எழுதத் துணிந்தேன். மருத்துவரின் இடத்தில் நின்று நான் எழுதவில்லை. மருத்துவர்கள் யாவரும் கூறுவதையும், மருந்தின் உறையில் அச்சிட்டிருப்பதையும் நம் இல்லங்களுக்கு எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

நெரிக்கும் வலி

இந்நோயை மருத்துவ உலகிற்குத் தெளிவாக விவரித்தவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கழகத்தில் அவர் ஆற்றிய உரை 1772-இல் நூல் வடிவம் பெற்றது. 'ஆஞ்சினா பெக்டோரிஸ்' என்று இலத்தீன் மொழியில் அவர் பெயரிட்டார். தொண்டையை நெரிப்பதுபோன்ற துன்பம் மார்பில் எழுவதையே அப்பெயர் குறிக்கின்றது. மார்பு நெரிப்பு என்று தமிழில் நாம் கூறலாம்.

இதயமும் ஒரு தசையே. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் அதற்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுவரும் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, அமர்ந்திருக்கையில் போதுமானதாக இருக்கும் இரத்தம், மாடிப்படி ஏறும்போதும், வயிறார உண்டபின் நடக்கும்போதும், கடுஞ்சினம் கொள்ளும்போதும் போதாமற் போகின்றது. அவ்வேளையில் நடுமார்பில் பாரம் வைத்தாற்போல் ஓர் அழுத்தம் எழும். இடக் கைக்கும் தோளுக்கும் தாடைக்கும் பரவும். ஓய்ந்து நின்றால் சில நிமிடங்களில் தணியும். இவ்வாறு வந்து தணிவதே மார்பு நெரிப்பு. குழாய் முற்றிலும் அடைபட்டு, தசையே மடியத் தொடங்குவதுதான் மாரடைப்பு. முன்னது எச்சரிக்கை, பின்னது ஆபத்து. ஆனால் முதல் சில நிமிடங்களில் இது எது என்று வீட்டிலிருந்து யாராலும் பிரித்தறிய இயலாது.

வெடிமருந்து மருந்தான கதை

நைட்ரோகிளிசரின் என்னும் பெயரைக் கேட்டதும், அது வெடிமருந்தல்லவா என்று சிலர் அஞ்சுவர். அது மெய்யே. இத்தாலி நாட்டு தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியல் அறிஞர் 1847-இல் இதனை உலகிற்கு அறிவித்தார். சிறிதளவு நாவில் பட்டாலே கடுந்தலைவலி வருவதை அவர் அன்றே கண்டு எழுதினார். இதனைக் கையாள்வது மிகவும் ஆபத்தாக இருந்தது. 1864-இல் ஸ்டாக்ஹோமில் நேர்ந்த வெடிப்பில், ஆல்ஃபிரட் நோபெலின் இளைய சகோதரர் எமில் உயிரிழந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் நோபெல் இதனை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, டைனமைட்டாக ஆக்கினார்.

சொப்ரேரோ கண்ட தலைவலிக்குக் காரணம் இரத்தக் குழாய்கள் விரிவதே. இலண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் இம்மருந்தைத் தம் உடலிலேயே பலமுறை சோதித்துப் பார்த்தபின், மார்பு நெரிப்புக்கு இது உதவுகின்றது என்று 1879-இல் வெளியிட்டார். 1896-ஆம் ஆண்டு, இதய நோயால் வருந்திய நோபெலுக்கே மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைப் பரிந்துரைத்தனர். விதியின் விளையாட்டைப் பாருங்கள் என்னும் பொருள்பட அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். இம்மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளிப்பொருளாக மாறியே குழாய்களை நெகிழச் செய்கின்றது என்பது பின்னர் விளங்கியது. அந்த வளிப்பொருளைப் பற்றிய ஆய்வுக்காக 1998-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

மாத்திரையில் உள்ளது மிகச் சிறு அளவே; பிற பொருள்களோடு கலந்துள்ள அது ஒருபோதும் வெடிக்காது. அச்சம் வேண்டுவதில்லை. நம் நாட்டில் இதே வகையைச் சேர்ந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்னும் மருந்தே மிகுதியாகப் புழங்குகின்றது. 'சார்பிட்ரேட்' என்றால் பலருக்கும் தெரியும்.

வைக்கும் முறை

வலி தொடங்கியதும் செய்ய வேண்டிய முதற்காரியம் மாத்திரையைத் தேடுவதன்று; அமர்வதே. நடந்துகொண்டிருந்தால் நில்லுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். சாய்மானம் உள்ள நாற்காலியிலோ, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையிலோ அமருங்கள். இம்மருந்து உடலெங்கும் இரத்தக் குழாய்களை விரிப்பதால் இரத்த அழுத்தம் குறையும். நின்றுகொண்டு மாத்திரை வைத்தவர் தலைசுற்றி விழக்கூடும். மாத்திரையை வைத்துக்கொண்டு இரவில் தனியே கழிவறைக்குச் செல்லுதல் மிகவும் ஆபத்தானது.

மாத்திரையை நாவின் அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். விழுங்கலாகாது, தண்ணீரோடு குடிக்கலாகாது. விழுங்கினால் அது முதலில் கல்லீரலுக்குச் செல்லும். அங்கே மருந்தின் பெரும்பகுதி அழிந்துவிடும். நாவின் அடியிலுள்ள மெல்லிய தோல் வழியாகவோ அது நேரே இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் வேலை செய்யும். முதியோர் சிலருக்கு வாய் உலர்ந்திருக்கும். மாத்திரை கரையாமல் கிடக்கும். அவர்கள் முதலில் ஒரு மிடறு நீரால் வாயை நனைத்துக்கொள்வது நன்று. முகம் சிவப்பதும், தலை விண்விண்ணென்று தெறிப்பதும் மருந்தின் இயல்பே. அதற்கு அஞ்சி மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம்.

இனிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மாத்திரை வைத்து 5 நிமிடங்கள் கழிந்தும் வலி தணியவில்லை, அல்லது கூடுகின்றது என்றால், அக்கணமே 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் மருத்துவர் முன்னரே கூறியிருந்தால் மட்டும், 5 நிமிட இடைவெளியில், வண்டிக்காகக் காத்திருக்கும் வேளையில் வைக்கலாம். 15 நிமிடங்களில் மூன்றுக்கு மேல் கூடவே கூடாது. தலை சுற்றினால், கண் இருண்டால், அடுத்த மாத்திரையை வைக்கலாகாது. ஆசிரியர் வீட்டில் நேர்ந்த பெரும்பிழை, பழைய மாத்திரையைவிட இதுவே. அடுத்தது கேட்கும், அடுத்தது கேட்கும் என்று ஒன்றேகால் மணி நேரத்தைக் கடத்திவிட்டார்கள். அடைபட்ட குழாயை இம்மாத்திரை திறப்பதில்லை. அதைத் திறக்க வல்லது மருத்துவமனை. அங்கே போய்ச் சேரும் நேரமே உயிரைத் தீர்மானிக்கின்றது.

நம்மவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நெஞ்சில் பாரம் என்றதும், "வாயுதான்" என்று முடிவுகட்டி, ஓமநீரும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பார்கள். நீரிழிவு உள்ளவர்க்கும், பெண்களுக்கும், முதியோர்க்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும், வேர்வையும், குமட்டலும், இனம் தெரியாத களைப்புமாகவே மாரடைப்பு வருவதுண்டு. வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாய்மார்கள் பொறுத்திருக்கலாகாது.

வாடிக்கையான வலியின் போக்கு மாறினாலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மாடி ஏறினால் வந்த வலி பத்தடி நடந்தாலே வருகின்றது, உறக்கத்திலிருந்து எழுப்புகின்றது, அமர்ந்திருக்கும்போதே வருகின்றது என்றால், மாத்திரையால் தணிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரை வைத்த நாளையும் நேரத்தையும், என்ன செய்துகொண்டிருந்தபோது வலி வந்தது என்பதையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மருத்துவருக்கு அந்த ஏடு பெரிதும் பயன்படும்.

வலி வந்தபின்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. படி ஏறினால் வலி வரும் என்று அறிந்தவர், மருத்துவர் இசைவு தந்திருந்தால், ஏறுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அமர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். பரங்கிமலைப் படிகளில் ஏறும் முதியோர் இதை மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்வது நலம்.

காக்கும் முறை

நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும் பொருள். பிளாஸ்டிக் அதனை உறிஞ்சிக்கொள்ளும், பஞ்சும் உறிஞ்சும், வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அதனைக் கெடுக்கும். ஆதலால்தான் அது நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுகிய மூடியோடு விற்கப்படுகின்றது. மாத்திரைகள் அக்குப்பியிலேயே இருக்க வேண்டும். வேறு மாத்திரைகளை அதனுள் போடலாகாது. உடம்பை ஒட்டிய சட்டைப் பையும், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும், வெயிலில் நிற்கும் வண்டியும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. அட்டையில் ஒட்டி வரும் சார்பிட்ரேட் போன்றவற்றையும் அந்த உறையைவிட்டு முன்கூட்டியே பிரித்துவைக்கலாகாது. வைக்கும் வேளையில் பிரித்தால் போதும்.

குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். பிரிட்டனில், திறந்து 8 வாரங்கள் ஆனதும் எஞ்சியவற்றைத் தள்ளிவிடச் சொல்கிறார்கள். சில தயாரிப்புகளுக்குக் காலம் கூடுதலாக இருக்கலாம். உறையில் உள்ளபடி நடவுங்கள், இல்லையேல் மருந்துக் கடைக்காரரைக் கேளுங்கள். நாவில் சுருக்கென்று எரிந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று பழைய நோயாளர் கூறுவர். அது நம்பத்தக்க சோதனை அன்று; தேதியை நம்புங்கள். காசு கொடுத்து வாங்கியதை எறிவதா என்று மனம் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலை என்னவென்று ஆசிரியரின் குடும்பம் அறியும்.

அமெரிக்காவில் 1970-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ், பல மருந்துகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயமாயிற்று. நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினுக்கு அதில் விலக்கு அளித்தனர். வலியில் நடுங்கும் கை நொடிப்பொழுதில் திறக்க வேண்டுமே என்பதே காரணம். ஆகவே நாமும் இரண்டையும் கருத வேண்டும். பேரக்குழந்தையின் கைக்கு எட்டாத இடம். ஆனால் தாத்தாவும் பாட்டியும் இருட்டிலும் எடுக்கக்கூடிய இடம். பூட்டிய பீரோ அதற்கு உரியதன்று.

யாருக்கு ஆகாது?

இம்மாத்திரை யாருக்கு எழுதப்பட்டதோ அவருக்கு மட்டுமே உரியது. அடுத்த வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்தார் என்று நம் வீட்டு மாத்திரையை எடுத்தோடுவது அன்பின் செயல்போல் தோன்றும். அவருக்கு அது கேடாகவும் முடியலாம். இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவர்க்கும், இதயத்தின் வலப்பாகத்தில் மாரடைப்பு நேர்ந்தவர்க்கும், இதயத்தின் பெருநாடி வால்வு மிகவும் சுருங்கியவர்க்கும் இம்மருந்து அழுத்தத்தை மேலும் வீழ்த்தி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் எந்நிலையில் இருக்கிறார் என்பதை நாம் எவ்வாறு அறிவோம்? அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி, அவரை அமரவைத்து 108-ஐ அழைப்பதே. மேலும், உணவுக்குழாயின் இறுக்கத்தால் வரும் வலியும் இம்மாத்திரையால் தணிவதுண்டு. ஆகையால், மாத்திரை கேட்டது என்பதனாலேயே இது இதய வலிதான் என்றோ, கேட்கவில்லை என்பதனாலேயே அன்று என்றோ தீர்ப்புக் கூறலாகாது.

சற்றுக் கூச்சத்தோடு கேட்கவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கென்று விற்கப்படும் சில்டெனஃபில், டடலஃபில் போன்ற மருந்துகளை உட்கொண்டவர் இம்மாத்திரையை வைத்தால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து மரணமும் நேரலாம். முன்னதை உண்டபின் 24 மணி நேரமும், பின்னதை உண்டபின் 48 மணி நேரமும் இது அறவே ஆகாது. நுரையீரல் நோய்க்காக அம்மருந்துகளை உண்பவர்களுக்கும் இதுவே விதி. வெட்கத்தின் காரணமாக இதனை மருத்துவரிடமும், ஏற்றிச் செல்லும் வண்டியின் பணியாளரிடமும் மறைப்பவர், தம் உயிரையே பணயம் வைக்கிறார். மனைவியிடம் சொல்லத் தயங்கினும், மருத்துவரிடம் தயங்க வேண்டாம். மது அருந்தியிருப்பவர்க்கும் இரத்த அழுத்தம் மிகுதியாகத் தாழும்.

நாள்தோறும் விழுங்கும் நீண்டநேர மாத்திரைகளும் இதே இனத்தில் உண்டு. அவற்றையும் நாவின் அடியில் வைப்பதையும் குழப்பிக்கொள்ளலாகாது. நீண்டநேர மாத்திரை அவசரத்திற்கு உதவாது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் முற்காலத்தில் ஒரு புதுமை காணப்பட்டது. தொழிலாளர்க்குத் திங்கட்கிழமை தலை பிளக்கும். வார நாள்களில் பழகிப்போய் வலி மறையும். ஞாயிறு ஓய்வுக்குப் பின் மறுபடியும் தொடங்கும். இடைவிடாது உடலில் இருந்தால் உடல் இம்மருந்துக்குப் பழகிவிடும் என்பது இதனால் புலனாயிற்று. எனவேதான் நீண்டநேர மாத்திரைகளை மருத்துவர்கள் இரவில் இடைவெளி விட்டு, குறித்த நேரங்களில் தருகிறார்கள். அந்த நேரங்களை நாமாக மாற்றலாகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. ஆனால் எப்போதாவது நாவின் அடியில் வைக்கும் மாத்திரை இவ்வாறு பழகிவிடுவதில்லை. பழகிவிடுமே என்று வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது வீண்.

இன்றிரவே செய்யுங்கள்

இதய நோயாளர் உள்ள குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. இன்றிரவு உணவுக்குப் பின் அனைவரும் ஒன்றாக அமருங்கள். மாத்திரை எங்கே இருக்கிறது என்று சிறுவர் தவிர்த்த அனைவரும் பாருங்கள். தேதியைப் படியுங்கள். எத்தனை வைக்கலாம் என்று மருத்துவர் கூறியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அதன்கீழ் 108 என்றும், வீட்டு முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே நாவில் வராது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதிய தம்பதியர் மட்டும் வாழும் இல்லமாயின், அடுத்த வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

ஆசிரியர் இப்போது நலமாக இருக்கிறார். மாலையில் மெல்ல நடந்து ஆலய வளாகத்திற்கு வருகிறார். அவருடைய துணைவியார் கையில் ஒரு சிறு துணிப்பை. அதனுள் கண்ணாடிக் குப்பி. அதன்மேல் அவர் கைப்பட எழுதிய தேதி. சென்ற வாரம் அதனை எனக்குக் காட்டி, "இப்போது எனக்கும் தெரியும், சாமி" என்றார் அந்த அம்மாள்.

பங்குக் குருவை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எந்நேரமும் வருவேன், அது என் கடமை. ஆனால் முதலில் 108. அதன் பிறகு நான்.